தானாகக் குதித்தவர்கள்

இந்த வருடமும் ஜூலை 23 அன்று கொக்கிரகுளம் ஆற்றங்கரைக்குப் போயிருந்தேன். வழக்கம்போல் தடுப்புக் கம்பிகள், வழக்கம்போல் எங்களைவிட அதிகமான போலீஸ், ஒவ்வொரு கட்சிக்கும் இயக்கத்துக்கும் தனித்தனியாக ஒதுக்கிய நேரம். எங்கள் முறை வந்தது. பூவைத் தூவிவிட்டு மேலே ஏறிக்கொண்டிருந்தோம். முதன்முறையாக எங்களோடு வந்திருந்த ஒரு கல்லூரி மாணவி மெதுவாகக் கேட்டாள்: "யக்கா, தப்பா நினைக்காதீங்க. அவங்களாத்தான ஆத்துல குதிச்சாங்க? எங்க மிஸ்கூட அப்படித்தான் சொன்னாங்க."

அவள் நம் பிள்ளைதான். நம் தெருவில் பிறந்தவள். 1999-ல் அவள் பிறக்கவே இல்லை. அவளுக்கு யாரோ ஒருவர் இந்த வாக்கியத்தைக் கொடுத்திருக்கிறார்கள், அவள் அதை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். கோபம் வரவில்லை. ஆனால் அன்றைக்கு அவளுக்கு நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி எஸ்டேட்டுகளில் கொழுந்து பறித்த தொழிலாளர்கள், பெரும்பாலும் தலித்துகள், கூலி உயர்வு கேட்டார்கள். போராடியவர்களில் 600-க்கும் மேற்பட்டோரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். அவர்களை விடுதலை செய், கூலிப் பிரச்சினையைத் தீர்த்து வை என்று கேட்டு 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலம் போனார்கள். புதிய தமிழகம், த.மா.கா., இடதுசாரிக் கட்சிகள் எல்லாம் சேர்ந்து நடத்திய ஊர்வலம். ஆட்சியர் அலுவலகம் ஆற்றை ஒட்டி இருக்கிறது. அந்தச் சாலையில் ஒரு பக்கம் கட்டடமும் சுவரும், இன்னொரு பக்கம் தாமிரபரணி. தடியடி தொடங்கியதும் கூட்டத்துக்குத் திறந்திருந்த ஒரே பக்கம் தண்ணீர்தான். 17 பேர் செத்தார்கள். அதில் பெண்கள் இருந்தார்கள். கையில் தூக்கி வந்த ஒரு குழந்தை இருந்தது.

ஓய்வுபெற்ற நீதிபதி எஸ். மோகன் தலைமையில் அரசு ஒரு விசாரணை ஆணையம் அமைத்தது. அந்த ஆணையம் காவல்துறையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவில்லை. 'தண்ணீரில் மூழ்கிச் செத்தார்கள்' என்பதே அதிகாரபூர்வமான நினைவாக நிலைத்தது. காலப்போக்கில் அது இன்னும் சுருங்கி, இரண்டே சொல்லாக அந்த மாணவியின் வாய்க்கு வந்து சேர்ந்திருக்கிறது: தானாகக் குதித்தார்கள்.

அந்த இரண்டு சொல்லைக் கொஞ்சம் உட்கார்ந்து பார்ப்போம். அன்றைய சம்பவத்தை அரசு மொழியில் எழுதினால் எப்படி இருக்கும்? "தடியடி நடத்தப்பட்டது." யார் நடத்தினார்? தெரியாது. "கூட்டம் கலைக்கப்பட்டது." கலைத்தது யார்? ஆள் இல்லை. "நிலைமை கட்டுக்குள் கொண்டுவரப்பட்டது." அதற்கும் ஆள் இல்லை. வாக்கியம் முழுக்க எழுவாயே இல்லாமல் காற்றில் நடக்கிற காரியங்கள். ஒரே ஒரு வினைக்கு மட்டும் எழுவாய் இருக்கிறது: அவர்கள் குதித்தார்கள். காலையிலிருந்து அந்த மக்கள் பேசினார்கள், நடந்தார்கள், கேட்டார்கள், கோஷம் போட்டார்கள். அதற்கெல்லாம் அவர்களை மனிதர்களாக எண்ணாத ஒரு மொழி, சாகிற நொடியில் மட்டும் அவர்களுக்கு முழுச் சுதந்திரம் கொடுத்து, "நீயாகத்தான் செய்தாய்" என்கிறது.

சுதந்திரம், பொறுப்பு என்பது தத்துவ வகுப்பில் மட்டும் பேசுகிற சமாச்சாரம் என்று நினைக்கிற தோழர்களுக்குத்தான் சொல்கிறேன். மனிதன் தன் செயலுக்குப் பொறுப்பாளியா, சூழ்நிலையின் கையில் பொம்மையா என்ற கேள்வியை நம் ஊரில் தினமும் யாரோ முடிவு செய்துகொண்டே இருக்கிறார்கள். தாசில்தார் முடிவு செய்கிறார், இன்ஸ்பெக்டர் முடிவு செய்கிறார், டீக்கடையில் பேப்பர் படிக்கிறவர் முடிவு செய்கிறார். ஒரு நிரந்தர விதியும் வைத்திருக்கிறார்கள். அடிபட்டவன் செய்ததெல்லாம் அவனுடைய சொந்த விருப்பம். அடித்தவன் செய்ததெல்லாம் சூழ்நிலை.

இதில் தத்துவமும் சட்டமும் ஒன்றும் நம் பக்கம் பேசாமல் இல்லை. புயலில் மாட்டிய கப்பலைக் காப்பாற்ற மாலுமி சரக்கைக் கடலில் எறிகிறான். அது அவன் விரும்பிச் செய்ததா, விரும்பாமல் செய்ததா என்று அரிஸ்டாட்டில் 2,300 வருடத்துக்கு முன்பே கேட்டுவிட்டார். எறிந்தது அவன் கைதான், ஆனால் புத்தியுள்ள யாரும் சும்மா இருக்கும்போது சரக்கைக் கடலில் போடமாட்டார்கள் என்றார். இங்கிலாந்தில் 1842-ல் பிட்ஸ் என்பவர் மீது நடந்த வழக்கில் பேச்சு நேராக ஆற்றுக்கே வருகிறது. வன்முறைக்கு அஞ்சி ஒருவர் ஆற்றில் விழுந்தால் அதை அவருடைய விருப்பச் செயலாகக் கொள்ள முடியாது, அந்தப் பயத்தை உண்டாக்கியவனே சாவுக்குப் பொறுப்பாளி ஆகலாம் என்று அந்த நீதிமன்றம் சொன்னது. நம்மை ஆண்ட வெள்ளைக்காரனின் நீதிமன்றத்துக்கு 1842-ல் புரிந்த ஒன்று, சுதந்திர இந்தியாவில் 1999-ல் நமக்குப் புரியாமல் போனது.

அரிஸ்டாட்டிலின் உதாரணத்தில் ஒரு வசதி உண்டு. புயலை யாரும் கேள்வி கேட்க முடியாது. கொக்கிரகுளத்தில் புயல் காக்கிச் சட்டை போட்டிருந்தது. அதற்கு மேலதிகாரி இருந்தார், உத்தரவு இருந்தது, மாதச் சம்பளம் இருந்தது. தண்ணீரில் நின்றவர்கள் மீது கரையிலிருந்து கல் விழுந்ததை அன்றைய பத்திரிகைகள் எழுதின. ஆர்.ஆர். சீனிவாசனின் 'நதியின் மரணம்' ஆவணப்படத்தைப் பார்க்காத தோழர்கள் பார்த்துவிடுங்கள். ஆற்றில் நிற்கிற ஒருவரை நோக்கிக் கையை ஓங்கும்போது அந்தக் கை யாருடைய விருப்பத்தில் ஓங்கியது? இந்தக் கேள்வியை யாரும் கேட்கவே இல்லை. குழந்தையைப் பற்றியும் கேட்கவில்லை. குழந்தை எந்த விருப்பத்தில் தண்ணீருக்குப் போனது என்று 'தானாகக் குதித்தார்கள்' என்று சொல்கிற யாராவது எனக்குச் சொல்லட்டும்.

இது நெல்லைக்கு மட்டும் உரிய பழக்கமும் இல்லை. 1968 டிசம்பர் 25 கீழ்வெண்மணி. ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்தார்கள். கீழ் நீதிமன்றம் தண்டித்த மிராசுதார்களை 1973-ல் சென்னை உயர்நீதிமன்றம் விடுவித்தது. இவ்வளவு நிலபுலன் உள்ளவர்கள், கார் வைத்திருக்கிற பெரிய மனிதர்கள், தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது அதில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அதாவது அந்தஸ்து இருந்தால் குற்றம் செய்யும் ஆற்றலே ஒருவனுக்கு இருக்காது! காலும் கையும் இருந்தும் அவர்கள் அந்த இரவில் செயல்படாத மனிதர்கள் ஆகிவிட்டார்கள். செத்த 44 பேரைப் பற்றிப் பேசும்போது மட்டும் 'ஏன் எல்லாரும் ஒரே குடிசைக்குள் போய்ப் புகுந்தார்கள்' என்ற கேள்வி இன்றைக்கும் வருகிறது. நானே கேட்டிருக்கிறேன், படித்தவர்கள் வாயால்.

இந்த விதி எங்கிருந்து வந்தது? பழையது, மிகப் பழையது. செத்தவன் தலையிலேயே கணக்கை எழுதுகிற வித்தைக்கு நம்மிடம் பெயரே இருக்கிறது: ஊழ்வினை. சிலப்பதிகாரத்தில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு, பிடிக்காத இடம் ஒன்று உண்டு. கண்ணகி சிலம்பை உடைத்ததும் பாண்டியன் விசாரணை ஆணையம் அமைக்கவில்லை. காவலர் மீது போடவில்லை. பொற்கொல்லன் சொன்னதைக் கேட்டதே தன் குற்றம் என்று ஒப்புக்கொண்டு அங்கேயே விழுந்து சாகிறான். ஒரு தமிழ் அரசன் பொறுப்பேற்றுக்கொண்டதற்கு நம்மிடம் இருக்கிற சிறந்த காட்சி அது. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. மதுரைத் தெய்வம் வந்து கண்ணகியிடம், போன பிறவியில் கோவலன் பரதன் என்ற பெயரில் இருந்தான், சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று சொல்லிக் கொல்ல வைத்தான், அந்த வினைதான் இப்போது வந்தது என்கிறது. அரசன் ஏற்றுக்கொண்ட பொறுப்பைக் காப்பியம் அப்படியே திருப்பி எடுத்துக் கொலையுண்டவன் கையில் கொடுத்துவிடுகிறது. இலக்கிய வாத்தியார்கள் என்னோடு சண்டைக்கு வரலாம், வரட்டும்.

கோவலனுக்கு ஒரு கதையாவது சொன்னார்கள். சேரியில் பிறந்தவனுக்குக் கதைகூடக் கிடையாது. போன ஜென்மத்தில் என்னவோ செய்தாய், அதனால் இங்கே பிறந்தாய், அவ்வளவுதான். நீ தேர்ந்தெடுக்க முடியாத ஒரே விஷயமான பிறப்புக்கு உன்னைப் பொறுப்பாளியாக்கி, தேர்ந்தெடுக்கக்கூடிய மற்ற எல்லாவற்றையும், என்ன வேலை, எந்தத் தெரு, யாரோடு கல்யாணம், எந்தக் கிணறு என்பதை, உன்னிடமிருந்து பறித்துக்கொள்வதுதான் சாதி. அம்பேத்கர் 1936-ல் லாகூர் மாநாட்டுக்காக எழுதி, பேசவிடாமல் தடுக்கப்பட்ட 'சாதி ஒழிப்பு' உரையில் விதிகளுக்கும் கோட்பாடுகளுக்கும் ஒரு வேறுபாடு சொல்கிறார். மாணவர்கள் வேகமாகத் தாண்டிப் போகிற பகுதி அது. விதி என்பது சமையல் குறிப்பு மாதிரி, சொன்னபடி செய்தால் போதும். கோட்பாடு என்பது நீயே யோசித்து முடிவெடுக்க வேண்டியது. விதியை மட்டும் பின்பற்றுகிறவன் தன் செயலுக்குப் பொறுப்பேற்க வேண்டியதில்லை. எனவே அவன் செய்வது அறச்செயல் ஆகாது என்பதுதான் அவருடைய வாதத்தின் சாரம். சாதி நம்மை மட்டும் கெடுக்கவில்லை, நம்மை அடிக்கிறவனையும் பொறுப்பற்ற பிறவியாக ஆக்கி வைத்திருக்கிறது என்று நான் அதைப் படிக்கிறேன்.

இதைச் சொன்னதும் எதிரில் இருக்கிற ஆள் சட்டென்று ஒரு கதவைத் திறப்பார். "பாத்தீங்களா, நீங்களே சொல்லுதீங்க. அவனும் சாதிக்குப் பலிதான? அவன மட்டும் குத்தம் சொல்லி என்ன பிரயோஜனம்?"

நாங்குநேரியில் 2023 ஆகஸ்ட் 9 இரவு இந்தக் கதவுதான் திறந்தது. பன்னிரண்டாம் வகுப்புத் தலித் மாணவனை அவனுடன் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அவன் செய்த குற்றம், தன்னைத் துன்புறுத்துவதைப் பள்ளியில் சொன்னது. மறுநாளே பேச்சு தொடங்கிவிட்டது: சின்னப் பையன்கள், சினிமா கெடுக்கிறது, செல்போன் கெடுக்கிறது, வயசுக் கோளாறு. வெட்டுப்பட்ட பையனுக்கும் அதே வயதுதான். அவனும் அதே சினிமாவைப் பார்த்து, அதே செல்போனை வைத்திருந்தவன்தான். அவன் கையில் அரிவாள் எடுக்கவில்லை, புகார் கொடுத்தான். உடம்பெல்லாம் தையலோடு மருத்துவமனையில் கிடந்து, அடுத்த வருடம் பிளஸ் டூவில் 600-க்கு 469 எடுத்தான். சூழ்நிலை மனிதனைத் தீர்மானிக்கிறது என்றால் அந்தத் தீர்மானம் அவனிடம் ஏன் செல்லுபடியாகவில்லை?

ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற, கையில் சாதிக் கயிறு கட்டிய ஒரு பையனோடு ஒருமுறை பேச வேண்டிவந்தது. எங்கே, எதற்கு என்பதை விட்டுவிடுகிறேன். நம் தெருப் பையன் ஒருவனுடைய சைக்கிளை உடைத்துவிட்டான். ஏன் உடைத்தாய் என்றேன். "எங்க அண்ணன் சொன்னான், செஞ்சேன்" என்றான். அண்ணன் கிணற்றில் குதிக்கச் சொன்னால் குதிப்பாயா என்று கேட்டேன். சிரித்துவிட்டான். "அதெப்படி குதிப்பேன்? நான் என்ன லூசா?" தன் உயிர் என்று வந்தால் அண்ணன் சொல்லையும் எடை போட்டுப் பார்க்கிற அறிவு அவனுக்கு இருக்கிறது. அடுத்தவன் சைக்கிள் என்று வரும்போது அந்த அறிவைப் பயன்படுத்தத் தேவையில்லை என்று அவனுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பொறுப்பு என்று நான் சொல்வது இந்த இடத்தைத்தான். அவனைச் சிறையில் போடு என்று நான் சொல்லவில்லை. பதினைந்து வயதுப் பையனைப் பெரியவர்கள் சிறையில் அடைக்கச் சொல்கிற கூட்டத்தில் நான் இல்லை. ஆனால் அவன் வாயால் "நான் உடைத்தேன்" என்று சொல்ல வேண்டும். "உடைஞ்சிருச்சு" என்று சொல்லக்கூடாது. அதைச் சொல்ல வைக்க எனக்கு மூன்று மாதம் ஆனது.

கயிறு கட்டிவிட்ட கையும் பொறுப்புதான். நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் சாதி அடையாளக் கயிறு, மோதிரம் இவற்றைப் பள்ளியில் தடை செய்யச் சொன்னது, பள்ளிப் பெயர்களில் இருக்கும் சாதிப் பெயரை எடுக்கச் சொன்னது. அறிக்கை வந்த வேகத்தில் எதிர்ப்பு கிளம்பியது. பையன் வெட்டுப்பட்டபோது 'சமூகமே காரணம்' என்று சொன்ன வாய்கள், அந்தச் சமூகத்தில் ஒரு கயிற்றை அறுக்கச் சொன்னதும் மூடிக்கொண்டன. அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அவர்கள் 'சமூகம்' என்று சொல்லும்போது தங்களைச் சொல்லவில்லை. மழை, வெயில் மாதிரி ஒன்றைச் சொல்கிறார்கள்.

நம் பக்கத்துக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். சமூகவியல் முதுகலை படித்தபோது நானும் எல்லாவற்றுக்கும் 'அமைப்பு, கட்டமைப்பு' என்று எழுதி மதிப்பெண் வாங்கியவள்தான். இன்றைக்கு நம் கூட்டங்களில் கேட்கிற பேச்சும் அதுதான். தனிமனிதர்கள் மீது நமக்குப் பகை இல்லை, அமைப்பை எதிர்க்கிறோம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அமைப்பு யாரையும் லத்தியால் அடித்ததில்லை. ஒரு கை அடித்தது. பக்கத்தில் நின்ற இன்னொரு கை அடிக்காமல் இருந்திருக்க முடியும், சில கைகள் எப்போதும் அப்படி இருந்திருக்கின்றன. ஐக்மன் 1961-ல் ஜெருசலேம் நீதிமன்றத்தில் நின்று தான் உத்தரவை நிறைவேற்றிய ஆள் மட்டுமே என்றான். அந்த விசாரணையைப் பார்த்து எழுதிய ஹன்னா அரென்ட் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: எல்லாரும் குற்றவாளி என்றால் யாரும் குற்றவாளி இல்லை. குற்றம் ஆளுக்குரியது. பொறுப்பு கூட்டாக இருக்கலாம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் லாபம் யாருக்கு என்று யோசியுங்கள்.

பீட்டர் ஸ்ட்ராசன் என்ற இங்கிலாந்துத் தத்துவவாதி 1962-ல் எழுதிய ஒரு கட்டுரை என்னை ரொம்ப நாள் தொல்லை செய்தது. ஒருவர் மீது கோபப்படுவது என்பது அவரை மனிதராக மதிப்பதன் ஒரு பகுதி என்பது அதன் சாரம். பைத்தியத்தின் மீதும் குழந்தையின் மீதும் நாம் அப்படிக் கோபப்படுவதில்லை; அவர்களைப் பார்த்துக்கொள்கிறோம், கையாளுகிறோம். அப்படியானால் ஆதிக்கச் சாதிக்காரனைப் பார்த்து "பாவம், அவன் அப்படி வளர்க்கப்பட்டவன்" என்று நாம் சொல்லும்போது அவனுக்குப் பெருந்தன்மை காட்டுவதாக நினைக்கிறோம், உண்மையில் அவனை மனிதக் கணக்கிலிருந்தே நீக்குகிறோம். நம் ஆட்களைப் பற்றியும் இதையே செய்கிறோம். எங்கள் தெருவில் குடித்துவிட்டு மனைவியை அடிக்கிறவனுக்கும் 'ஒடுக்குமுறையின் விளைவு' என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்கிற தோழர்கள் உண்டு. அடிவாங்கும் பெண்ணும் அதே ஒடுக்குமுறையில் வளர்ந்தவள்தானே, அவள் ஏன் அடிக்கவில்லை என்று நான் கேட்டால் சங்கடமாகச் சிரிக்கிறார்கள். பெண்கள் கேட்கிற கேள்விக்கு இயக்கத்தில் கிடைக்கிற நிரந்தரப் பதில் அந்தச் சிரிப்பு.

மறுபடி மலைக்குப் போவோம். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-ல் 99 வருடக் குத்தகைக்கு எடுத்த காட்டில்தான் பாம்பே பர்மா கம்பெனி தேயிலை போட்டது. குத்தகை 2028-ல் முடிகிறது. அதற்கு முன்பே 2024-ல் கம்பெனி வேலையை நிறுத்த முடிவு செய்து தொழிலாளர்களுக்கு ஒரு படிவம் கொடுத்தது. படிவத்தின் பெயர் விருப்ப ஓய்வு. நான்கு தலைமுறையாக லைன் வீட்டில் இருந்தவர்கள். கீழே ஒரு செண்டு நிலம் இல்லாதவர்கள். கையெழுத்துப் போட்டால் ஒரு பகுதிப் பணம், வீட்டைக் காலி செய்தால் மீதி. போடாவிட்டால் வேலையும் கிடையாது. எல்லாரும் போட்டார்கள். காகிதத்தில் அது அவர்களுடைய விருப்பம். டான்டீ எடுத்து நடத்த வேண்டும் என்று கேட்டு உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனவர்களுக்கு 2024 டிசம்பரில் அது கிடைக்கவில்லை. காடு காடாக வேண்டும், புலிகள் காப்பகம் அது. காட்டைப் பற்றி எனக்கும் அக்கறை உண்டு. ஆனால் அந்தக் காட்டை வெட்டித் தேயிலை போட்டவர்களும், லாபம் எடுத்தவர்களும், நிலத்தைக் குத்தகைக்கு விட்டவர்களும் யாரும் எந்தப் படிவத்திலும் 'விருப்பத்தோடு' எதையும் இழக்கவில்லை. 1999-ல் ஆற்றில் விருப்பத்தோடு குதித்தவர்கள்தான் 2024-ல் மலையிலிருந்து விருப்பத்தோடு இறங்கினார்கள்.

இப்போது அந்த மாணவிக்கு நான் சொல்லாமல் விட்டது. அவள் கேட்டபோது நான் அவசரமாக, "இல்லம்மா, தள்ளிவிட்டாங்க, வேற வழியில்ல, அவங்க பாவம்" என்று என்னவோ சொன்னேன். அதிலும் ஒரு தப்பு இருக்கிறது. அவர்களுக்கு விருப்பமே இல்லை, வெறும் அடிபட்ட உடம்புகள் என்ற மாதிரி பேசிவிட்டேன். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக நாம் கூட்டம் போட்டு அவர்களை அப்படித்தான் நினைவுகூர்கிறோம். மிதந்த உடல்கள், செருப்புகள், தண்ணீர். நம் போஸ்டர்களைப் பாருங்கள், எல்லாம் தண்ணீர்ப் படம்.

அந்த ஜூலை 23 காலையில் அவர்கள் சுதந்திரமாகச் செய்த காரியம் ஒன்று இருக்கிறது. கிளம்பி வந்தார்கள். மாஞ்சோலையிலிருந்து கீழே மணிமுத்தாறுக்கு இறங்குவதே ஒரு பயணம். கங்காணிக்குத் தெரியும், கம்பெனிக்குத் தெரியும், போலீசுக்குத் தெரியும், ஏற்கெனவே நூற்றுக்கணக்கான பேர் உள்ளே இருக்கிறார்கள் என்பதும் தெரியும். நான்கே வருடம் முன்பு, 1995 ஆகஸ்ட் 31 அன்று, கொடியன்குளத்தில் போலீஸ் ஊருக்குள் புகுந்து என்ன செய்தது என்பது இந்தப் பகுதியில் தெரியாதவர் கிடையாது. அவ்வளவும் தெரிந்து, வீட்டிலேயே இருந்துவிடலாம் என்ற வழி இருந்தும், வந்தார்கள். சிலர் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிள்ளையை ஏன் கொண்டுவந்தார்கள் என்று நாக்கூசாமல் கேட்கிறவர்களுக்கு: ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுக் கொடுக்கப் போகும்போது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று இந்த நாட்டின் அரசியலமைப்பை நம்பியவர்கள் அவர்கள். அந்த நம்பிக்கைக்கு அவர்கள் பொறுப்பு. அதை உடைத்ததற்கு உடைத்தவர்கள் பொறுப்பு.

நடந்து வந்தது அவர்களுடைய செயல். ஆற்றில் இறங்கியது அவர்கள் மீது செய்யப்பட்ட செயல். இந்த இரண்டையும் மாற்றிப் போட்டுத்தான், நடந்து வந்ததைக் 'கட்சிகள் தூண்டிவிட்ட கூட்டம்' என்றும், ஆற்றில் விழுந்ததைத் 'தானாகக் குதித்தது' என்றும் சொல்கிறார்கள். மறுபடி அதே விதி. தலித் நிமிர்ந்து நடந்தால் பின்னால் யாரோ தூண்டியிருக்க வேண்டும், செத்தால் மட்டும் சொந்த முடிவு.

சட்டம் படிக்கிற தோழர்களுக்கு ஒரு வேலை. 1989-ன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 4-ஆவது பிரிவு இருக்கிறது: தலித் அல்லாத, பழங்குடி அல்லாத ஓர் அரசு ஊழியர் இந்தச் சட்டப்படி தான் செய்ய வேண்டிய கடமையை வேண்டுமென்றே செய்யாமல் விட்டால் அதுவே குற்றம். 2015 திருத்தத்தில் அந்தக் கடமைகள் எவை என்று வரிசையாகவே எழுதிவிட்டார்கள். புகாரைப் பதிவு செய்வது, வாசித்துக் காட்டுவது, நகல் கொடுப்பது என்று. சட்டத்துக்குள்ளேயே 'நீ செய்யவில்லை, அதனால் நீ பொறுப்பு' என்று பெயர் சொல்லிக் கேட்கிற இடம் இது. உங்கள் ஊர் வழக்குகளில் இந்தப் பிரிவை எத்தனை முறை போடச் சொல்லிக் கேட்டிருக்கிறோம்? அமைப்பைத் திட்டுவதற்கு மேடை போடுகிற நாம், ஒரு இன்ஸ்பெக்டரின் பெயரை எழுதி 4-ஆவது பிரிவில் மனுக் கொடுக்கத் தயங்குகிறோம். தயங்குவதற்குக் காரணம் எனக்குத் தெரியும், நாளைக்கும் அதே ஸ்டேஷனுக்குத்தான் போக வேண்டும். நானும் இரண்டு முறை தயங்கியிருக்கிறேன். ஒருமுறை அந்தத் தயக்கத்தால் ஒரு குடும்பம் ஊரைவிட்டே போனது. அது என் கணக்கு, அமைப்பின் கணக்கு இல்லை.

போன வாரம் அந்த மாணவி போன் செய்தாள். மோகன் ஆணைய அறிக்கை எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். சட்டமன்ற நூலகம், இல்லையென்றால் தகவல் உரிமை மனு என்றேன். மனுவைத் தமிழிலேயே எழுதலாமா என்றாள். எழுதலாம் என்றேன். எழுதிக்கொண்டு வந்து காட்டினாள். முதல் வரியில் "தடியடி நடத்தப்பட்ட சம்பவம்" என்று இருந்தது. "போலீசார் தடியடி நடத்திய சம்பவம்" என்று அவளே அடித்துத் திருத்தினாள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டி, பாளையங்கோட்டை தலைமைத் தபால் நிலையத்தில் ரிஜிஸ்டர் போட்டிருக்கிறோம்.